பேராச்சி கொண்டுவந்த ஸ்பேர்

...அதைப் போய்க் கொடுத்திருக்க வேண்டாம், கொடுத்துவிட்டாள், கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து நீட்டிவிட்டாள், 'புதுசு எதுக்கும்மா, எங்ககிட்ட ஸ்பேர் ஒண்ணு இருக்கு, கம்பெனி ஐட்டம்' என்று, இந்த அறைக் கதவு மூடுவதற்கு ஒரு விநாடி முன்னால், அந்த டாக்டர் பெண் அதீபாவும் வாங்கிக்கொண்டாள், சிரிக்கக்கூட இல்லை, இப்போது அந்தச் சிமிழ் அதோ கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நான் இங்கே மேஜையில் மல்லாந்து கிடக்கிறேன், வலது மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு அது வழியாக ஒரு கம்பியை நெஞ்சை நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், செம்பூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவன், மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை... ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், கணேசபாண்டியன், வயது எழுபத்தொன்று, திலக் நகர், அதற்குக் கீழே என் பெண்டாட்டி பேராச்சி சொல்லி எழுதவைத்த வரி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில், ரத்தக் குழாய் அடைக்காமல் தாங்குகிற ஸ்டென்ட் ஒன்று வைத்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் குழாய் தெரிவதற்காக உள்ளே சாயம் ஏற்றுவார்கள், தலைமாட்டுத் திரையில் என் நெஞ்சு விரியும், அதில் ஸ்டென்ட் இருக்காது. ஏன் இருக்காது என்றால், யாரும் வைக்கவில்லை.

சாவுக்குப் பயந்தவன் இல்லை, அதை ஒரு ஓரமாக வைத்துவிடலாம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான்... இந்த ஊரில் என்னை நம்புகிற கடைசி ஆள் அவள். மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள், மழை வெள்ளத்தில் சயானிலிருந்து குர்லா வரைக்கும் ஒரு எருமையின் முதுகில் உட்கார்ந்து ஆபீஸ் போனேன் என்றால் எங்கள் பில்டிங்கில் எவன் நம்புகிறான், ஆனால் எருமை உண்மை, அது குர்லா வரை வரவில்லை, அவ்வளவுதான். இன்று காலையில் நிஜமாகவே நெஞ்சு பிடித்தபோது பக்கத்தில் நின்றவன் வெங்கி, எங்கள் சொசைட்டி செகரட்டரி, 'வெங்கி, நெஞ்சு மேல டெம்போ ஒண்ணு ஏறி நிக்குதுடா' என்றேன், 'லோடு இருக்கா காலியா மாமா?' என்று கேட்டுவிட்டுப் பாவி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பேராச்சிதான் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், பையை அப்படியே போட்டாள், தக்காளி உருண்டோடியது, ஓடுகிற ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றாள். அவளும் சிரித்திருந்தால் நான் இந்நேரம் கத்திரிக்காய்க் குவியல் மேல்தான்... இப்போது டாக்டர் வெளியே போய், 'ஆன்ட்டி, உள்ளே பழசு ஒண்ணுமே இல்லியே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த தடவை டெம்போ ஏறும்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?

நான் வேண்டுமென்று சொன்ன பொய்யா அது, இல்லை, தீப்பெட்டிதான் காரணம். தாணேயில் ஸ்டென்ட் செய்கிற கம்பெனி, அதில் பூச்சு அறையில் எனக்கு வேலை, ஒரு ஸ்டென்டைத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து சட்டைப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், கொண்டுவரக் கூடாது, தெரிந்தால் அன்றோடு வேலை காலி, சட்டையைத் துவைக்க எடுத்தவள் தீப்பெட்டியைத் திறந்து, 'என்னங்க இது, பேனா ஸ்பிரிங்கா?' என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொன்னால் சாயங்காலத்துக்குள் செட்டா நகர் முருகன் கோயில் வாசல் வரை போய்விடும், என்ன சொல்வது என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, 'அது ஸ்பேர். நெஞ்சுக்குள்ள ஒண்ணு வச்சிருக்கு, அதுக்கு ஸ்பேர்.' அத்தோடு நின்றிருக்கும், அவள்தான் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, 'போன மாசம் டிரெய்னிங்குனு மூணு நாளு பூனா போனீங்களே, அங்க வச்சா வச்சாக?' என்றாள், நான் தலையை ஆட்டினேன், வேறென்ன செய்ய, பாதியை நான் சொன்னேன், மீதியை அவளே கட்டி முடித்தாள். அன்றிலிருந்து எனக்கு வடை கிடையாது, ஊறுகாய் கிடையாது, காலையில் ஆறு மணிக்கு முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடை, அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் போகிற ரோட்டில் போக ஒரு நடை வர ஒரு நடை, சிலிண்டரைத் தூக்கப் போனால் சத்தம் போடுவாள், கரண்ட் ரயில் பக்கத்தில் போனால் ஸ்டென்ட் கும்மென்று இரையும் என்று நான் ஒரு நாள் சொல்லிவைத்தேன், அதற்குப் பிறகு பிளாட்பாரத்தில் என்னை இரண்டடி தள்ளி நிற்கவைக்கிறாள். அந்த ஸ்பேரைச் சிமிழில் போட்டு எங்கே போனாலும் கையோடு கொண்டுவருகிறாள், திருநெல்வேலி போகும்போது ரயிலில் நடுவழியில் பழுதாகிவிட்டால் என்ன செய்வது?

'உள்ள சூடாத் தெரியும் அங்கிள், பயப்படாதீங்க,' அதீபாவின் குரல், சாயம் போகிறது, ஆமாம், யாரோ வெந்நீரை நெஞ்சில் ஊற்றுகிற மாதிரி, அது காதுக்கு ஏறி இடுப்புக்கு இறங்கி... திரையில் ஒரு மரம், இலை உதிர்ந்த மரம், அதுவா என் நெஞ்சு, பார்க்க ஒல்லியாக இருக்கிறதே, பெரிய கிளை ஒன்று பாதியில் சட்டென்று மெலிந்து நூலாகிவிட்டது, அந்த இடத்தைத்தான் அவள் பார்க்கிறாள், மறுபடி சாயம், மறுபடி வேறு கோணம், பெரிய யந்திரம் என் தலையைச் சுற்றி வருகிறது, டெக்னீஷியன் மகேஷ்குமார், 'ஹில்னா நஹி அங்கிள், ஆடாதீங்க' என்கிறான், நான் எங்கே ஆடுகிறேன், நெஞ்சல்லவா ஆடுகிறது. அவள் தேடுகிறாள். எதைத் தேடுகிறாள் என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். 'அங்கிள், பழைய ஸ்டென்ட் எங்க?' என்றாள். வாய்... இந்த வாய் இருக்கிறதே, எழுபத்தொரு வருஷமாக என்னைக் கேட்காமலேயே வேலை செய்கிறது, 'அது கரையுற டைப்பும்மா' என்று சொல்லிவிட்டது. எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது, எவ்வளவு சுத்தமான பதில், அப்படி ஒரு வகை இருக்கத்தான் செய்கிறது, மூன்று வருஷத்தில் கரைந்து காணாமல்போகும், பன்னிரண்டு வருஷத்துக்கு எங்கே தேடுவாள், 'நான் அந்த லைன்லதாம்மா இருந்தேன்' என்று ஒரு போடும் போட்டேன். அவள் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு மாஸ்குக்குள்ளிருந்து, 'நானும் அந்த லைன்லதான் அங்கிள் இருக்கேன். கரைஞ்சாலும் ரெண்டு முனையிலயும் பிளாட்டினம் புள்ளி நிக்கும்ல, அது எங்க?' என்றாள். புள்ளி... அடடா, புள்ளி இருக்கிறதே, எனக்குத் தெரியாதா, மைக்ரோஸ்கோப்பில் எத்தனை பார்த்திருப்பேன், வாய்க்கு அது ஞாபகம் வரவில்லை. 'சரி, உள்ள இருந்தது கரையுறது. ஆன்ட்டி குடுத்த ஸ்பேர் மட்டும் எப்படி மெட்டலு?' மகேஷ்குமார் இருமினான், அது இருமல் இல்லை.

'சிரிக்கதுக்குக் கேக்கல அங்கிள்,' அவள் என் முகத்துக்கு நேரே குனிந்தாள், 'ரத்தம் கட்டாம இருக்க பன்னிரண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறதா ஆன்ட்டி சொன்னாங்க. என்ன மாத்திரை? நான் ஸ்டென்ட் வைக்கப் போறேன், எனக்கு நெசம் தெரியணும்.' பி காம்ப்ளெக்ஸ் என்றேன். பன்னிரண்டு வருஷமாகப் பேராச்சி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணி எடுத்துக் கையில் வைத்து, விழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்த்த மாத்திரை பி காம்ப்ளெக்ஸ்... அதைச் சொன்ன பிறகு மற்றதை மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன், தீப்பெட்டி, பூனா, சிமிழ், சொல்லும்போது நான் சொன்னதிலேயே மட்டமான கதை இதுதான் என்று தோன்றியது, ஒரு எருமைகூட இல்லை. 'அப்ப அந்த ஸ்டென்டை ஏன் எடுத்தீங்க? வீட்டுல வச்சு என்ன செய்ய?' என்று கேட்டாள், கையில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது, கம்பி அடைப்பைத் தாண்டவேண்டும், நான் பேசிக்கொண்டிருப்பது அவளுக்கு நல்லது போலிருக்கிறது. ஏன் எடுத்தேன்... இதை யாரும் கேட்டதில்லை.

இரும்பைப் பார்த்தால் உடம்புக்குப் பிடிக்காது, வெளியாள் வந்துவிட்டான் என்று ரத்தம் கட்டிக்கொண்டு சண்டைக்கு வரும், அதற்குத்தான் பூச்சு, தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் ஒரு பங்கு கனம், அதற்குள் மருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உடம்பைச் சமாதானப்படுத்தும், சில மாதத்தில் உடம்பு தன் தோலையே அதன் மேல் வளர்த்து மூடிவிடும், அதற்குப் பிறகு பூச்சு போனாலும் கவலையில்லை, உள்ளூர்க்காரன் ஆகிவிட்டான். நான் நாங்குநேரிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த புதிதில் ஆறு மாதம் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு பார்க்கிறவனிடமெல்லாம் மராட்டியில் 'காய் ஜாலா', என்ன ஆச்சு, என்று கேட்டுக்கொண்டு அலைந்தேன், ஒரு மராட்டியக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகவே நிற்கவைத்துவிட்டார்கள், பூச்சென்றால் அதுதான் பூச்சு. ஆனால் ஸ்டென்டில் எங்களுக்கு அந்தப் பூச்சு நிற்கவில்லை, ஜூன் பிறந்தால் வெள்ளையாகப் பனி மூடின மாதிரி ஆகிவிடும், பலூனை விரித்தால் பழைய சால் குடியிருப்பின் சுவர்ச் சுண்ணாம்பாக உதிரும், செப்டம்பர் வரை அத்தனையும் ரிஜெக்ட். பெரிய படிப்புப் படித்தவர்கள் மருந்தில் கோளாறு என்றார்கள், பிளாஸ்டிக்கில் கோளாறு என்றார்கள், என் மேலதிகாரி வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், நல்ல மனுஷர், அவரிடம் போய், 'சார், மழைக்காலத்துல பூச்சு பூக்கும் சார், தாராவியில பெல்ட் பக்கிளுக்கு லாக்கர் பாலிஷ் அடிக்கிற எவனும் ஜூலையில அடிக்க மாட்டான்' என்றேன், 'ஓய், இதுவும் உம்ம எருமை கதையா? மீட்டரைப் பாரும், அறையில ஈரமே இல்லைங்கறது' என்றார். மீட்டர் எங்கே மாட்டியிருந்தது என்றால் ஏசி காற்று வருகிற வாய்க்கு நேர் கீழே, அங்கே எப்படி ஈரம் தெரியும். மறுநாள் டிபன் கேரியர் மூடியைக் கேன்டீன் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய், பூச்சு அடிக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், எண்ணிப் பத்து, மூடி முழுக்க வியர்த்து முத்து முத்தாக உருண்டு சொட்டியது. அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலி போட்டு ஏறி மீட்டரைத் தன் கையாலேயே கழற்றினார். ஈரத்தை உறிஞ்ச ஒரு யந்திரம் வந்தது, அதற்குப் பிறகு அடித்த முதல் ஸ்டென்ட், மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு, வளைத்தார்கள், விரித்தார்கள், ஒரு கீறல் இல்லை, வெளியே ஆகஸ்ட் மழை தகரத்தில் கொட்டுகிறது. சோதனை பண்ணினது, உடைத்துப்போட வேண்டியது, சிவப்புச் சீட்டு ஒட்டித் தட்டில் வைத்தார்கள். எப்படி உடைப்பேன்? அதுதான் எடுத்தேன்... என்று முடித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஏன் என்றால் இது உண்மை, உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் பழக்கமில்லை.

அதீபா சிரிக்கவில்லை. 'எங்க வாப்பாவுக்குத் தாராவியில பெல்ட் பட்டறைதான் அங்கிள்,' என்றாள், கண் திரையிலேயே இருக்கிறது, 'மழை மாசத்துல பக்கிள் பூத்துப்போயி மூட்டை மூட்டையாத் திரும்பி வரும், வாப்பா தலையில கைய வச்சிட்டு உக்காந்திருப்பாக. நீங்க சொல்லுதது எனக்குத் தெரியும்.' தெரியும் என்கிறாள்! மேஜையில் எழுந்து உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது, மகேஷ்குமார் தோளில் கை வைத்து அமுக்கினான். அப்புறம் மெதுவாக, 'இந்தத் தடவை ரெண்டு மாத்திரை, ஒரு வருஷம், ஒரு நாள் விடக் கூடாது. அதுல கதை விட்டீங்க, ரத்தம் கட்டி அடைச்சிரும், என்னாலகூட ஒண்ணும் செய்ய முடியாது. கசம்?' என்றாள். கசம் என்றேன், என் ஆயுளில் முதல் சத்தியம். எந்தக் கம்பெனி ஸ்டென்ட் என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா, பெட்டியைத் திருப்பிப் பெயரைப் படித்தாள்... கடவுளே, எதிர் கேட்டுக்காரர்கள், தாணேயில் எங்களுக்கு நேர் எதிரே இருந்த கம்பெனி, டீக்கடையில் அவர்களுக்கு ஒரு பெஞ்ச் எங்களுக்கு ஒரு பெஞ்ச், பால் பாக்கெட்டைக்கூட ஒழுங்காக ஒட்டத் தெரியாதவர்கள் என்று நாங்களே ஊரெல்லாம் சொன்னோம், அவர்கள் சரக்கா என் நெஞ்சுக்குள்! 'பூச்சு எவ்வளவு கனம்?' என்றேன், சொன்னாள். 'எத்தனை மாசத்துல கரையும்?' சொன்னாள். ம்... கெடுதல் இல்லை. கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கும் ஜூன் வந்திருக்கும், அங்கேயும் எவனாவது ஒருவன் மூடியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

'இப்ப வலிக்கும், பத்து எண்ணுங்க,' பலூன் விரிகிறது, டெம்போ திரும்பி வந்துவிட்டது, லோடோடு, வெங்கி, லோடு இருக்குடா... ஒண்ணு ரெண்டு மூணு, பேராச்சி வெளியே என்ன செய்துகொண்டிருப்பாள், ஏழு, எட்டு, இறங்கிவிட்டது. மறுபடி ஒரு தடவை, இது ஸ்டென்ட், இதோ விரிகிறது, திரையில் மெல்லிய வலை, கொசுவலையின் நிழல் மாதிரி. பிறகு சாயம். எழுபத்தொரு வருஷத்தில் நான் எத்தனையோ பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன், இதை நிஜமாகவே பார்த்தேன், நூலாக இருந்த கிளைக்குள் கறுப்பு நுழைந்தது, நிற்கவில்லை, தாண்டியது, குர்லாவில் வண்டி நின்றதும் ஜனம் இறங்குகிற மாதிரி அடித்துப் பிடித்துக் கீழே ஓடியது, ஒரு கிளை, அதில் இரண்டு, அதில் நாலு, இவ்வளவு கிளை எனக்குள் இருந்ததா, உதிர்ந்த மரமெல்லாம் இல்லை, நல்ல தழைத்த மரம். நெஞ்சில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். 'பஸ், ஹோ கயா,' என்றாள் அதீபா, முடிந்தது. 'தினம் நடப்பீங்களோ? சின்னக் குழாயெல்லாம் நல்லா வளந்திருக்கு, அதான் தாங்கிருச்சு.' முழங்கையைப் பிடித்து இழுத்தவள் வெளியே இருக்கிறாள். 'ஆன்ட்டிகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் அங்கிள், பேப்பர்லயும் நெசத்தைத்தான் எழுதுவேன். நீங்களே சொல்லிருங்க.' சொல்லிவிடலாம், இப்போது எதையும் சொல்லலாம், நெஞ்சுக்குள் அசல் ஸ்டென்ட் இருக்கிறது, பொய் சொன்னவன் மாதிரியே இல்லை, கொஞ்சம் முந்திக்கொண்டு சொன்னவன் மாதிரிதான் இருக்கிறது.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், மணிக்கட்டில் இறுக்கி ஒரு பட்டை, கையை மடக்கக் கூடாது, பேராச்சி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், எண்ணிப் பார்ப்பது போல. 'காலையில ஒண்ணும் திங்காமக் கெடக்கீங்க,' என்றாள். இப்போதே சொல்லிவிட வேண்டும், ஆறப்போட்டால் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும், 'பேராச்சி, இங்க வா. உள்ள பழசுன்னு ஒண்ணும் கெடையாது. பூனாவுல ஒண்ணும் வைக்கல. கம்பெனியில இருந்து எடுத்துட்டு வந்ததை மறைக்க நான் சொன்ன பொய் அது. பன்னிரண்டு வருஷமும் பொய்' என்றேன், ஒரு மூச்சில். அவள் போர்வை நுனியைச் சரி செய்தாள். தலையணையைத் தட்டினாள். 'சும்மா கதை விடாதீங்க,' என்றாள், 'டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லிருக்கு, பேசாமக் கெடங்க.' கதை என்கிறாள்... நாற்பத்தாறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, நான் நிஜம் சொன்ன நாளில்தானா சொல்ல வேண்டும்? 'சத்தியமா' என்றேன், 'சரி சரி' என்றுவிட்டுப் பக்கத்துக் கட்டில் அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டாள், அந்த அம்மா வடக்கத்திக்காரி, புருஷனுக்கு ஒரு ஸ்டென்ட்தான் போலிருக்கிறது, முகம் வாடிக் கிடந்தாள், பேராச்சி தன் தாராவி ஹிந்தியில் அவளுக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தாள், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, எங்க வீட்டுக்காரருக்கு இரண்டு, ஒன்று பழசு ஒன்று புதுசு, பழசு பூனாவில் வைத்தது, எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி தெரியுமா, மூன்று நாளும் நான்தான் கூடவே இருந்தேன், பக்கத்து நாற்காலியிலேயே தூக்கம், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றாள்... கூட இருந்தாளா? எங்கே இருந்தாள்? அந்த மூன்று நாளும் அவள் திலக் நகரில் இருந்தாள், எந்த மலை? நான் அவள் முகத்தைப் பார்த்தேன், கழுத்தை முடிந்தவரை திருப்பி, உதடு அசைவதைத் தவிர முகத்தில் ஒன்றும் அசையவில்லை, கண் இமைக்கவில்லை, குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அந்த அம்மா அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன், அடிக்கடி பார்த்திருக்கிறேன், எங்கே என்றுதான்... நெஞ்சு நன்றாக, சத்தமாக அடித்துக்கொண்டிருந்தது, யோசிக்க வசதியாகத்தான் இருந்தது... சவரம் பண்ணுகிறபோது, கண்ணாடியில்.